ஏன் மேடம் வம்பு?

“மேடம், அந்த மோதிரக் கதை ஜெராக்ஸ் இன்னும் வச்சிருக்கீங்களா?”

பேரைச் சொல்லாமலே குரல் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது பெஞ்சு, சுவரோரம், எப்போதும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருப்பாள். இன்றைக்கு அவளே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். முதன்முறையாகப் பாடத்திட்டக் குழுவில் பேர் போட்டிருக்கிறார்களாம். மொழிபெயர்ப்புத் தாளுக்கு ஏ.கே. ராமானுஜன் கட்டுரையை வைக்கலாம் என்று யோசனை. கட்டுரை எங்கும் கிடைக்கும். ஆனால் நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு வேண்டுமாம்.

“இருக்கும்மா, தேடி எடுத்து அனுப்புறேன்.”

வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள். “ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு மேடம். எங்க தங்கச்சி சேர்ந்தப்போ அந்தப் பாடம் இல்லியே. ஏன் எடுத்துட்டீங்க?”

“குக்கர் விசில் அடிக்குதும்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

ஓய்வு பெற்ற அன்று துறை அலமாரியிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேல் பெட்டியிலேயே இருந்தது ஜெராக்ஸ். ஸ்டேபிள் பின் துருப்பிடித்து, முதல் பக்கத்தின் மூலையில் இரண்டு செம்பழுப்புப் புள்ளிகள். காகிதம் பழுத்திருந்தாலும் எழுத்து மங்கவில்லை. தில்லிக் கடைக்காரன் மை கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தான்.

2007 கோடையில் தில்லிக்குப் போனது படிக்கிற ஆசையில் அல்ல. பதவி உயர்வுக்கு ரெஃப்ரெஷர் கோர்ஸ் ஒன்று பாக்கி இருந்தது. இருபத்தொரு நாள். காலையில் நாலு வகுப்பு, மதியம் ராஜ்மா, மாலையில் அனல் காற்று. பக்கத்து நாற்காலியில் இருந்த தில்லி ஆசிரியை ஒருத்தி, நான் தமிழ்நாடு என்றதும், “உங்கள் கம்பரை நாங்கள் பி.ஏ. வரலாற்றில் நடத்துகிறோம் தெரியுமா?” என்றாள். கம்பரா, வரலாற்றுத் தாளிலா? மறுநாள் இடைவேளையில் இந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்து, வாசலில் இருந்த கடையில் நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ‘முந்நூறு ராமாயணங்கள்: ஐந்து எடுத்துக்காட்டுகள், மொழிபெயர்ப்பு பற்றிய மூன்று சிந்தனைகள்’ என்று தமிழில் சொல்லலாம். 1991இல் பவுலா ரிச்மன் தொகுத்த நூலில் வந்த கட்டுரை. 2006-07 கல்வியாண்டிலிருந்து தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்களுக்குப் பாடம்.

திரும்பும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரசில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு படித்தேன். நாக்பூர் தாண்டுகிற வரைக்கும் தூக்கம் வரவில்லை.

ராமன் அரியணையில் இருக்கும்போது மோதிரம் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. விழுந்த இடத்தில் ஓட்டை விழுந்து மோதிரம் உள்ளே போய்விடுகிறது. எடுத்து வா என்கிறான். அனுமன் உருவைச் சிறுக்கிக்கொண்டு ஓட்டைக்குள் இறங்கிப் பாதாளம் வரை போகிறான். அங்கே பூதங்களின் அரசன் ஒரு தட்டைக் காட்டுகிறான். தட்டு நிறைய மோதிரங்கள், எல்லாம் ராமனுடையவை. எது உன் ராமனுடையது, எடுத்துக்கொள் என்கிறான். அனுமனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை ஒரு ராமனின் காலம் முடியும்போதும் இங்கே ஒரு மோதிரம் வந்து விழும், நீ மேலே போனால் உன் ராமன் இருக்க மாட்டான் என்கிறான் பூதராசன். கட்டுரை அந்தக் கதையில் ஆரம்பிக்கிறது.

பிறகு வால்மீகியும் கம்பனும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். இருவரிடமிருந்தும் அகலிகைக் கதை. நமக்கு அகலிகை என்றால் கல். சின்ன வயதில் கோயில் தூணில் கால் பட்டால்கூட ஆச்சி “பாத்துடீ, அகலிகையா இருந்துறப்போறா” என்பாள். வால்மீகியில் அவள் கல்லாவதே இல்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும்படிதான் சாபம். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தேதான் அங்கே அவள் இசைகிறாள். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. நடுவில்தான் அவளுக்குத் தெரிய வைக்கிறான், கல்லாக்குகிறான், ராமன் பாதத்தூசியில் உயிர் கொடுக்கிறான், மனத்தளவில் அவள் பிழை செய்யவில்லை என்று முனிவன் காதில் போட்டும் வைக்கிறான். எம்.ஏ. படித்து, பதினைந்து வருடம் வேலையும் பார்த்தவள் நான். கல் கம்பன் வழியாக எனக்குள் வந்தது என்று அன்றைக்கு மேல் பெர்த்தில்தான் தெரிந்தது.

இந்த ராமானுஜன் யார் என்று தேடிப் படித்தது பிறகு. 1929இல் மைசூரில் பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளை. அப்பா கணிதப் பேராசிரியர். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப் போனவர் கையில் உ.வே. சாமிநாதையரின் 1937 குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. அந்தத் தற்செயலில்தான் சங்கப் பாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. நமக்கு அவர் சங்க இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 1993இல் இறந்துபோனார். பதினைந்து வருடம் கழித்து அவர் கட்டுரைக்காகக் கண்ணாடிகள் உடையும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

2008 பிப்ரவரி 25. எங்கள் கல்லூரி ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்தேன். தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்குள் ஏ.பி.வி.பி. மாணவர்கள் புகுந்திருந்தார்கள். கண்ணாடிச் சில்லு, கவிழ்ந்த நாற்காலி, தரையெல்லாம் காகிதம். கட்டுரை இந்துக்களை இழிவுபடுத்துகிறது என்பது அவர்கள் புகார். கூடப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சேனலை மாற்றச் சொன்னார்கள். என் கவலை வேறு. அந்தத் தரையில் கிடக்கிற காகிதத்தில் மோதிரக் கதையும் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமாக இருந்ததா என்றால், இல்லை. தில்லி தூரம். 2009இல் பாடத்திட்டம் மாற்றியபோது நானே அந்தக் கட்டுரையை முன்மொழிந்து எங்கள் முதுகலைத் தாளில் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று வருடம் நடத்தினேன். என் வேலைக்காலத்தில் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்காமல் இருந்த வகுப்புகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் இரண்டு மூன்று இந்தக் கட்டுரைக்கு உரியவை.

கட்டுரையின் கடைசி எடுத்துக்காட்டுகளில் ஒன்று கன்னட நாட்டுப்புறப் பாட்டு. அதில் ராவணனுக்குப் பேர் ராவுளன். பிள்ளை வரம் கேட்டு வாங்கிய மாம்பழத்தின் சதையை மனைவிக்குக் கொடுக்காமல் தானே தின்று, தானே கர்ப்பமாகி, ஒன்பது நாளில் மூக்கு வழியாகத் தும்மிப் பெறுகிறான் சீதையை. கன்னடத்தில் ‘சீத’ என்றால் தும்மினான். வகுப்பு சிரித்து அடங்கிய பிறகுதான் மூன்றாவது பெஞ்சுக்காரி எழுந்தாள்.

“மேடம், எங்க ஊரு பாவைக்கூத்துல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்குள்ள வந்துருவாங்க. சண்டை நடக்கும்போது ரெண்டு பேரும் நடுவுல நின்னு சோறு கேப்பாங்க. அதுவும் ஒரு ராமாயணமா மேடம்? எண்ணிக்கையில சேருமா?”

முந்நூறு என்ற எண்ணிக்கை காமில் புல்கே பாதிரியாருடையது. பெல்ஜியத்தில் பிறந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ராமகதையைப் பற்றி இந்தியிலேயே முனைவர் பட்ட ஆய்வு எழுதி, ராஞ்சியில் இந்தி கற்பித்தவர். ஒரு கிறித்தவப் பாதிரியார் ராமனைப் பற்றி எழுத, ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்து, பின்னாளில் அரசாங்கம் பத்மபூஷணும் கொடுத்த நாடு இது. அவர் எண்ணிக்கையில் நம் தோல்பாவைக் கூத்து இருந்ததோ என்னவோ. “சேரும்மா” என்று சொல்லிவிட்டு, ஜெராக்சின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: உச்சிக்குடும்பன், சோறு. இன்றைக்கும் இருக்கிறது அது, ஒன்பதாம் பக்கத்தில்.

ராமாயணத்தை வைத்துச் சண்டை போடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று 1943இல் நடந்ததே. பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் கொளுத்தலாம் என்று அண்ணா, கூடாது என்று ரா.பி. சேதுப்பிள்ளை. மார்ச்சில் சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். பேராசிரியர்கள் இருவருமே எங்கள் பக்கத்து ஆட்கள், ஒருவர் ராசவல்லிபுரம், மற்றவர் எட்டயபுரம். புத்தகத்தைக் கொளுத்தலாம் என்ற பேச்சு எனக்கு உவப்பில்லை, எந்தப் புத்தகமானாலும். ஆனால் அந்த விவாதங்கள் அடங்கிய ‘தீ பரவட்டும்’ புத்தகத்தைப் படிக்கிறபோதெல்லாம் ஒன்று உறுத்தும். கொளுத்த வேண்டும் என்றவர் மேடையேறி, ஏன் என்று செய்யுளைக் காட்டிச் சொன்னார். கூடாது என்ற சேதுப்பிள்ளை, எனக்கெதற்கு என்று வீட்டில் இருக்காமல் வந்து பதில் சொன்னார். பல்கலைக்கழகத்தில் உத்தியோகம் பார்க்கிறவர் அரசியல்காரரோடு பொதுமேடையில் மோதினால் உத்தியோகத்துக்கு ஆகாதே என்று அவரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏன் சார் வம்பு என்று.

இந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

ராமானுஜன் கட்டுரையை நீக்கக் கோரிய தில்லி வழக்கு உயர்நீதிமன்றம் போய், உச்சநீதிமன்றம் போய், நிபுணர் குழுவுக்குத் திரும்பியது. குழுவில் நால்வர். மூவர் கட்டுரை இருக்கட்டும் என்றார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். 2011 அக்டோபர் 9ஆம் தேதி அகடமிக் கவுன்சில் கூடி, அந்த ஒருவர் பக்கம் சாய்ந்து கட்டுரையை நீக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட அவையில் ஒன்பது பேர் மறுப்பைப் பதிவு செய்தார்கள்.

2008இல் கண்ணாடியை உடைத்தவர்களால் கட்டுரையை நீக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் தில்லியில் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். எடுத்தது, ஃபேன் சுற்றுகிற அறையில், டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் பெரிய கோபம். துறையில் நாலு பேரைப் பிடித்து வைத்துப் பேசினேன். ராமானுஜன் கட்டுரைத் தொகுதியை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகம் மறு அச்சுப் போடாமல் இருந்ததும், உலகம் முழுக்க அறிஞர்கள் கடிதம் எழுதிய பிறகு அந்த வருடக் கடைசியில் போடுகிறோம் என்று இறங்கி வந்ததும் செய்தியாக வந்தபோது, நறுக்கி நோட்டீஸ் போர்டில் குத்தினேன். அதே பதிப்பகமும் வேறு இரண்டு பதிப்பகங்களும் மறு வருடம் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேல் நகலுரிமை வழக்குப் போட்டது தனிக்கதை. 2016இல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டுக்குப் போய், 2017இல் அவர்களே திரும்பப் பெற்றார்கள். அச்சில் வராத கட்டுரையை நாலணா எட்டணாவுக்கு நகல் எடுத்துக் காப்பாற்றியவை அந்த மாதிரிக் கடைகள்தான். என் கையில் இருப்பதும் ஒரு கடை போட்ட பிச்சை.

கோபம் எல்லாம் சரி. 2012 ஏப்ரல் வந்தது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும். போர்டு மீட்டிங். நீள மேசை, மேலே பச்சைத் துணி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபோல்டர், தட்டில் மெதுவடையும் கேசரியும். பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவர், வெளிக்கல்லூரி நிபுணர்கள் இருவர், பழைய மாணவர் ஒருவர், நாங்கள் ஏழு பேர். நான்தான் தலைவர். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றரை மணிக்குப் பஸ். அதனால் தாள் தாளாக வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

மொழிபெயர்ப்புத் தாள் வந்ததும் பக்கத்தில் இருந்தவர் பக்கத்தைத் திருப்பாமல் விரலை வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“இது தில்லியிலேயே எடுத்துட்டாங்களே. நமக்கு ஏன் மேடம் வம்பு?”

யாரும் மிரட்டவில்லை. கடிதம் வரவில்லை, போன் வரவில்லை. எந்த அமைப்புக்காரருக்கும் எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாது. அவர் சொன்னதும் அறையில் ஒரு நொடி. ஃபேன் சத்தம் மட்டும். எதிரே இருந்தவர் வடையைப் பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரும் பார்க்காததைத்தான் நான் அப்படி உணர்ந்தேன்.

“ஆமா, யூனிட்டும் கொஞ்சம் நீளம்தான்” என்றேன். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து நானே அடித்தேன். ஒரே கோடு. அந்த இடத்தில் வேறொரு கட்டுரை வந்தது. என்ன கட்டுரை என்பது இப்போது நினைவில் இல்லை. அதுவே போதும் அதன் தரத்தைச் சொல்ல. பிறகு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், மினிட்சில் பக்கத்துக்குப் பக்கம் போட்டார்கள், பஸ்ஸைப் பிடித்தார்கள்.

அடுத்த மாதமே, மே மாதம், நாடாளுமன்றத்தில் கார்ட்டூன் கலவரம். என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் அம்பேத்கர் பற்றி சங்கர் 1949இல் வரைந்த கார்ட்டூன். நூலின் ஆலோசகர்களாக இருந்த சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் அன்றைக்கே விலகினார்கள். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறைக்குள் ஆட்கள் புகுந்தார்கள். ஜூனில் நம் முறை. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் கார்ட்டூன் தமிழ் மாணவர்களைக் கொச்சைப்படுத்துகிறது, நீக்க வேண்டும் என்று இங்கே கட்சி வேறுபாடு இல்லாமல் குரல் எழுந்தது. 65இல் செத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கார்ட்டூனைப் பார்த்தபோது எனக்கும் சுருக்கென்றது. சுருக்கென்றது என்பதற்காக நீக்கச் சொல்லலாமா? அங்கேதான் தடுமாற்றம். தில்லிக்காரர்களின் மனம் புண்பட்டால் அது அரசியல், நம் மனம் புண்பட்டால் அது நியாயம் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பாடநூல்களை ஆராயத் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். கார்ட்டூன்கள் பலவற்றை எடுக்கலாம் என்று அறிக்கை வந்தது. குழுவில் ஒரே ஒருவர் உடன்படாமல் மறுப்புக் குறிப்பு எழுதி இணைத்தார். எம்.எஸ்.எஸ். பாண்டியன். ஜே.என்.யு.வில் வரலாற்றுப் பேராசிரியர், எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றியும் பிராமணர்-பிராமணரல்லாதார் அரசியல் பற்றியும் புத்தகம் எழுதியவர். திராவிட இயக்கத்தை நாட்டுக்கே விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். இந்தி எதிர்ப்பு அவருக்கு அந்நியமா என்ன? அம்பேத்கர் அந்நியமா? தம் ஆட்களே கோபப்படுவார்கள் என்று தெரியாதா? தெரிந்துதான் எழுதினார். 2014 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு அவருடைய புத்தகங்களுக்கு முன்னால் அந்தக் குறிப்புத்தான் நினைவுக்கு வந்தது. ஏப்ரலில் நானும் ஒரு குழுவில் உட்கார்ந்திருந்தேன். என் கையிலும் பேனா இருந்தது.

பாடத்திட்டம் கல்வெட்டு அல்ல. எடுப்பதும் சேர்ப்பதும்தான் எங்கள் தொழில். பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்று எத்தனையோ பாடங்களை எடுத்திருக்கிறேன். ஒரு பெரிய கவிஞரை, அலுத்துவிட்டது என்று எடுத்திருக்கிறேன். அதையெல்லாம் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்படியானால் எந்த நீக்கம் நீக்கம், எது தணிக்கை? வெகுநாள் இதை உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குப் பிடிபட்டது சின்ன விஷயம். உண்மைக் காரணத்தை மினிட்சில் எழுத முடிகிறதா? முடிந்தால் அது பாடத்திட்டத் திருத்தம். முடியாவிட்டால் வேறு.

2020 நவம்பரில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராய் புத்தகம் ஒன்றை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததைப் பற்றிய புத்தகம். 2017 முதல் பாடமாக இருந்தது. ஏ.பி.வி.பி. புகார் கொடுத்தது, எடுத்துவிட்டார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் போனில், “பாடமா வைக்கிற அளவுக்கு அது நல்ல புஸ்தகமா சொல்லுங்க” என்றார்கள். எனக்கே அதில் இரண்டு மனம் உண்டு. ஆனால் மூன்று வருடம் நடத்தும்போது வராத சந்தேகம் புகார்க் கடிதம் வந்த பிறகு வந்தால், அது புத்தகத்தைப் பற்றிய சந்தேகம் இல்லை.

அதற்குப் பதில் வைத்த புத்தகம் மா. கிருஷ்ணனுடைய இயற்கைக் கட்டுரைகள். அருமையான எழுத்து, குறை சொன்னால் நாக்கு அழுகும். யானையைப் பற்றியும் கரிச்சானைப் பற்றியும் அவரைப் போல எழுதியவர் இல்லை. யாரையும் புண்படுத்தாத புத்தகம் என்று தேடியபோது பறவைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் அவர் யார் பிள்ளை என்பது உறைத்தது.

கிருஷ்ணன், அ. மாதவையாவின் கடைசி மகன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய பெருங்குளத்து மாதவையா. 1925 அக்டோபர் 22ஆம் தேதி அவர் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்துக்குப் போயிருந்தார். பி.ஏ. பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசினார். பாடத்திட்ட விவாதம்தான், வேறொன்றுமில்லை. பேசி முடித்து உட்கார்ந்தார், உயிர் போயிற்று. கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

பாடத்திட்டக் கூட்டத்தில் எழுந்து பேசியதே கடைசிக் காரியமாகப் போன ஒரு மனிதரின் பிள்ளை எழுதிய புத்தகம்தான், பேச வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு கூட்டத்துக்கு அடைக்கலமாக அகப்பட்டிருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களை நான் பழிக்க மாட்டேன். எனக்கு அந்த அறை தெரியும். அதே பச்சைத் துணி, அதே வடை.

போன் வந்த மூன்றாம் நாள் இரண்டாவது பெட்டியையும் பிரித்தேன். பழைய வினாத்தாள், வருகைப் பதிவு, ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சால்வையின் பாலித்தீன் உறை. அடியில் 2012 போர்டு மீட்டிங் மினிட்ஸ். துறைத் தலைவர் பிரதி. ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் சொல்கிறேன்: ‘பாடச் சுமையைக் குறைக்கும் பொருட்டு, நான்காம் அலகில் முதல் கட்டுரை நீக்கப்பட்டு மாற்றுக் கட்டுரை சேர்க்கப்படுகிறது. ஒருமனதாக ஏற்கப்பட்டது.’ கீழே பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. வளைவு நெளிவெல்லாம் தெளிவாக, நடுக்கமே இல்லாமல் இருக்கிறது.

தில்லியில் ஒன்பது பேராவது இருந்தார்கள். எங்கள் அறையில் ஒருமனது.

பக்கத்திலிருந்தவர் மேல் பழியைப் போட்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அவர் கேள்விதான் கேட்டார். பதில் சொன்னது நான். வம்பு வரட்டுமே, வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று அரை வாக்கியம் சொல்லியிருந்தால் அவரே தலையாட்டியிருப்பார். நல்ல மனுஷர் என்று முன்னமே சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டேன். “கட்டுரைய ஸ்கேன் பண்ணாம அப்படியே கூரியர்ல அனுப்புறேன். கூட இன்னொரு பேப்பரும் வச்சிருக்கேன், அதையும் படி.”

“என்ன பேப்பர் மேடம்?”

“நீ கேட்டதுக்குப் பதில்.”

கொஞ்சம் தயங்கினாள். “எங்க ஹெச்.ஓ.டி.கிட்ட நேத்து லேசா சொல்லிப் பாத்தேன் மேடம். அவங்க…”

“ஏன் வம்புன்னாங்களா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அவங்க அப்படித்தான் கேப்பாங்க. கோபப்படாத. எடுக்கணும்னா எடுங்க, ஆனா காரணத்த உள்ளபடி எழுதுங்கன்னு மட்டும் சொல்லு. எழுதலேன்னா, உன் பேருக்கு எதிரே நீ எழுது.”

“கையெழுத்துப் போடாம இருந்துறலாமா மேடம்?”

“போடு. போட்டு, பக்கத்துல உடன்பாடில்லைன்னு எழுது. வெறும் இடத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல பாரு.”

உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்பதாம் பக்கத்தை ஒருமுறை புரட்டினேன். உச்சிக்குடும்பன், சோறு. அதன் கீழே பென்சிலால் அவள் பேரையும், அவள் அதைச் சொன்ன வருடத்தையும் எழுதிவிட்டு உறையை ஒட்டினேன்.